சுவருக்கு இந்தப் பக்கம் நெட் வரவில்லை

குழு: தாத்தா வீடு

வித்யா: நாளை காலை 10 மணிக்கு எனக்கு வீடியோவில் நேர்காணல். எங்கள் பக்கம் நெட் ரொம்ப ஸ்லோ. என்ன செய்யலாம்?

கார்த்தி: மறுபடியுமா

மாலதி: நேர்காணலா? யாரும் சொல்லவே இல்லையே

ரவி: கம்பெனியை மாற்றலாம் என்று நான் எப்போதோ சொன்னேன். 100 எம்பிபிஎஸ் என்றார்கள். டவுன்லோடு செய்தால் 12ஐத் தாண்டுவதில்லை.

சேகர்: ரவி, அந்த 12 மெகாபைட். 100 என்பது மெகாபிட். 8 பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். 100ஐ 8ஆல் வகுத்துப் பார், 12.5 வரும். சொன்னதைத்தான் கொடுக்கிறார்கள்.

ரவி: இதை இப்போதுதான் சொல்கிறீர்கள் அண்ணா

சேகர்: நீ கேட்டால்தானே

மாலதி: ஆரம்பிக்காதீர்கள் இரண்டு பேரும்

சேகர்: வித்யா, வெறுமனே "ஸ்லோ" என்றால் பழுதைக் கண்டுபிடிக்க முடியாது அம்மா. நான் எக்ஸ்சேஞ்சில் இருந்தபோது "போன் சரியில்லை" என்று மட்டும் புகார் வந்தால் லைன்மேன் எதைப் பார்ப்பார்? டயல் டோன் இல்லையா, குறுக்குப் பேச்சா, ஒரு பக்கம் மட்டும் கேட்கிறதா என்று கேட்டு எழுதுவோம். நெட்டும் அப்படித்தான். ஒரு நொடியில் எவ்வளவு போக முடியும் என்பது பேண்ட்வித். தகவல் சின்னச் சின்னப் பாக்கெட்டுகளாகத்தான் போகும்; ஒரு பாக்கெட் போய்ச் சேர எடுக்கும் நேரம் லேட்டன்சி. அந்த நேரம் ஒரே சீராக இல்லாமல் ஏறி இறங்கினால் ஜிட்டர். வழியிலேயே தொலைந்தால் பாக்கெட் லாஸ். டவுன்லோடு என்றால் தொலைந்ததை மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளும். நேருக்கு நேர் பேசும்போது அதற்கு நேரம் இல்லை, தாமதமாக வந்த பாக்கெட்டை வைத்து என்ன செய்வது? அதனால்தான் குரல் வெட்டும். உனக்கு இதில் எது?

கார்த்தி: அப்பா, கொஞ்சம் சுருக்கமாக

வித்யா: குரல் வெட்டுகிறது, முகம் அப்படியே நின்றுவிடுகிறது. ஆனால் ஸ்பீடு டெஸ்டில் 94 காட்டியது

சேகர்: எங்கே வைத்துப் பார்த்தாய்?

வித்யா: உங்கள் கூடத்தில் பெரியப்பா

சேகர்: அப்படிச் சொல்

மாலதி: குறுக்குப் பேச்சு என்றதும் ஞாபகம் வருகிறது. என் கல்யாணம் முடிவானதை அம்மா போனில் சொல்லும்போது வேறு யாரோ நடுவில் வந்து வாழ்த்துச் சொன்னாரே!

ரவி: நல்ல குரல் அவருக்கு

சேகர்: வித்யா, உன் அறையில் உட்கார்ந்து ரூட்டருக்கே பிங் செய். அதன் முகவரி 192.168.1.1. ஒரு 20 முறை போகட்டும். வெளியே எந்த சர்வருக்கும் வேண்டாம். பிங் என்பது 1983இல் மைக் மூஸ் எழுதிய சின்ன நிரல், சோனார் ஒலியைப் போல எதிரொலி வருகிறதா என்று பார்க்கும்.

வித்யா: 20இல் 3 திரும்பி வரவில்லை. மற்றதெல்லாம் 4, 180, 9, 310 மில்லிசெகண்ட் என்று கலந்து வருகிறது

சேகர்: 15 சதவீதம் லாஸ். 4க்கும் 310க்கும் நடுவே ஆடுகிறதே, அதுதான் ஜிட்டர். ரூட்டர் நம் வீட்டுக்குள் இருக்கிறது. அதுவரை போவதற்கே இந்தப் பாடு என்றால் முதலில் வீட்டுக்குள்தான் பார்க்க வேண்டும். கார்த்தி, நீ கூடத்தில் கேபிளைச் செருகி அதே பிங் போடு.

கார்த்தி: எல்லாம் 1க்குள். ஒன்றும் தொலையவில்லை

கார்த்தி: அப்படியென்றால் சுவர்தான்

ரவி: எந்தச் சுவர்

மாலதி: நீ கட்டியது

ரவி: எல்லோரும் பேசித்தானே கட்டினோம் அக்கா

மாலதி: என்னிடம் யார் பேசினார்கள்?

சேகர்: அதை இப்போது விடுங்கள். வித்யா, உன் லேப்டாப் வைஃபையில் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இருக்கும். வேகம் உண்டு, சுவரைத் தாண்டத் திணறும். 2.4க்கு மாற்று. ஆனால் அதில் ஒன்றின்மேல் ஒன்று ஏறாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். அக்கம்பக்கத்து ரூட்டர்கள் பலவும் அங்கேதான் நெருக்கியடிக்கும்.

வித்யா: மாற்றிவிட்டேன். 20இல் 1தான் தொலைகிறது. அவ்வப்போது மட்டும் வெட்டுகிறது

சேகர்: நேர்காணலில் அந்த "அவ்வப்போது"கூட வேண்டாம். ஒரு பக்கத் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது ஐடியு, அதாவது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. கேபிள் இழுத்துவிட்டால் இந்தத் தொல்லையே இருக்காது. ஈதர்நெட் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும், நமக்கு 15 மீட்டர் போதும். சுவரில் விரல் கனத்துக்கு ஒரு துளை.

ரவி: துளையா

கார்த்தி: ஒரே ஒரு துளை சித்தப்பா

ரவி: பார்க்கலாம். நாளைக்கு யோசித்து

வித்யா: நாளைக்குத்தான் நேர்காணலே அப்பா

சேகர்: முடியாவிட்டால் எங்கள் கூடத்துக்கு வா அம்மா. கதவைச் சாத்திக்கொள்ளலாம்.

மாலதி: 10 மணிக்கு அம்மா அங்கேதான் டிவி பார்ப்பார். சத்தமாக

கார்த்தி: பாட்டியிடம் யார் சொல்வது?

மாலதி: நான் இல்லை

ரவி: அண்ணா, டிரில் உங்களிடம் இருக்கிறதா?

சேகர்: சுவர் கட்டும்போது நீ வாங்கிப் போனாய்

ரவி: தேடுகிறேன்