வீடு வாங்கியாச்சு, வாடகை ஒப்பந்தம் இன்னும் 10 மாதம் – சிங்கப்பூர்

ஈசூனில் முழு வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு, 2 வருட ஒப்பந்தம், மாத வாடகை 3,200 வெள்ளி, முன்பணம் 6,400. 14 மாதம் முடிந்தது. மறுவிற்பனை வீடு வாங்கியிருக்கிறோம், அடுத்த மாதம் சாவி.

டிப்ளமேட்டிக் கிளாஸ் (ஒப்பந்தத்தை இடையிலேயே முறித்துக்கொள்ள விடும் ஷரத்து) இருக்கிறது. ஆனால் வேலை போனாலோ நாட்டை விட்டுக் கிளம்பினாலோதான் செல்லும். வீடு வாங்கினால் செல்லாது. (கையெழுத்துப் போடும்போது இதை யார் பார்க்கிறார்கள்?)

மாற்று ஆள் தேடினோம். முதலில் வந்தவர் இந்தியர், வொர்க் பாஸ். அந்த பிளாக்கில் வெளிநாட்டவர் வரம்பு நிரம்பிவிட்டதால் முடியவில்லை. அடுத்து ஒரு மலேசியத் தம்பதி. அவர்களுக்கு அந்த வரம்பு இல்லை. 2,900 தருகிறார்கள். குறையும் 300-ஐ 10 மாதத்துக்கு, அதாவது 3,000 வெள்ளி, நாங்களே கட்டுகிறோம் என்று எழுதிக் கொடுத்தோம். வீட்டுக்காரர் கட்டிய ஏஜென்ட் கமிஷனில் மீதிக் காலத்துக்கான 1,333-ம் தரத் தயார். பாதியில் கிளம்பினால் தர வேண்டியது என்று ஒப்பந்தத்தில் அந்தக் கமிஷனுக்கு மட்டும்தான் ஷரத்து உண்டு.

வீட்டுக்காரர் மூன்று வாரமாக அந்தத் தம்பதியைப் பார்க்கக்கூட மறுக்கிறார். முன்பணம் முழுவதும், மேலே 2 மாத வாடகையும் வேண்டுமாம்.

தகுதியான மாற்று வாடகைதாரரை எழுத்தில் காட்டியும் மறுத்தார் என்பதை வைத்து, சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் முன்பணத்தைத் திரும்பப் பெற்றவர்கள் யாராவது உண்டா?