வேலூர் வெயிலுக்கு சோலார் போடலாமா, 500 யூனிட்டுக்குள் அடக்கலாமா?

காட்பாடிவாசி
2025 கோடையில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை எடுக்கிற ரீடிங் இரண்டும் 560 யூனிட்டை ஒட்டி வந்தன. மற்ற ரீடிங்கில் 350 பக்கம்தான். ஒரு ஏசி, மூன்று ஃபேன், ஃபிரிட்ஜ், மோட்டார். மாடி காலியாக இருக்கிறது, சோலார் போட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 மானியம். எனக்குச் சொன்ன விலை 2 லட்சம், ஆக 1,22,000 கையிலிருந்து போட வேண்டும். போட்டவர்கள் சொல்லுங்கள், தேறுமா?

மாடியில்_பேனல்
யோசிக்கவே வேண்டாம் சார், போடுங்கள். நம் ஊரில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் வெயிலுக்கு வராது. ஒரு கிலோவாட்டுக்கு நாளைக்கு 4 யூனிட் சராசரியாக வரும். மூன்று போட்டால் 12, இரண்டு மாதத்துக்கு 720. உங்கள் 560 அதற்குள் அடங்கிவிடும். நான் போட்ட பிறகு கரண்ட் பில்லைப் பற்றி வீட்டில் பேச்சே கிடையாது.

கணக்கு_வாத்தியார்
பேனல்காரர் சொல்கிற 720 யூனிட் சரி. அந்த யூனிட்டுக்கு அவர் போடுகிற மதிப்புதான் சரியில்லை. 2022 செப்டம்பர் கட்டண ஆணையை வைத்தே போடுகிறேன், முழு எண்ணாக இருப்பதால் கணக்கு எளிது. 2024 ஜூலையில் கொஞ்சம் ஏறியது, யூனிட் ஏற ஏற விலை ஏறுகிற படிக்கட்டு அதேதான்.

அந்த ஆணைப்படி 500 யூனிட் வரை ஓட்டுகிறவருக்கு முதல் 100 இலவசம், அடுத்த 100 யூனிட் 2.25, அப்புறம் 400 வரை 4.50, 500 வரை 6 ரூபாய். மொத்தம் 1,725. ஒரு யூனிட் தாண்டினால் அந்த 2.25 சலுகை போய்விடும். 101-லிருந்தே 4.50 ஆகிவிடும், மேலே 8 ரூபாய் வேறு. 501 யூனிட்டுக்கு 1,958. அதாவது அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்!

இவருக்கு 560-க்கு 2,430, 350-க்கு 900. வருடத்தில் கோடை பில் இரண்டு, மற்றது நான்கு. எல்லாம் சேர்த்து 8,460. சோலார் போட்டு பில் பூஜ்யமே ஆனாலும் மிச்சம் அவ்வளவுதான். 1,22,000 திரும்பி வரப் பதினான்கு வருடத்துக்கு மேல் ஆகும்.

மாடியில்_பேனல்
கட்டணம் இப்படியே நிற்குமா வாத்தியாரே? 2022-ல் ஏறியது, 2024-ல் ஏறியது. பேனல் 25 வருடம் உழைக்கும். பயப்படாமல் ஏசி போடுகிற நிம்மதிக்கு உங்கள் கணக்கில் எந்தக் கட்டமும் இல்லையே.

கணக்கு_வாத்தியார்
நிம்மதி வேண்டுமென்றால் 1 கிலோவாட் போடட்டும். மானியம் 30,000. இரண்டு மாதத்துக்கு 240 யூனிட் வரும். 560 என்பது 320 ஆகி பில் 765-க்கு இறங்கும். 350 என்பது 110 ஆகும், கட்ட வேண்டியது 22.50. வருடத்துக்கு 6,840 மிச்சம். மூன்று மடங்கு பேனல் போட்டால் 8,460. முதல் கிலோவாட்டே விலை உயர்ந்த யூனிட்டை எல்லாம் தின்றுவிடுகிறது. அதற்கு மேல் போடுவது பெரும்பாலும், அரசாங்கம் சும்மா தருகிற 100 யூனிட்டை நாமே காசு போட்டுத் தயாரிப்பதுதான்.

சத்துவாச்சாரி_மருமகள்
இரண்டு அண்ணன்களும் யூனிட்டையே பார்க்கிறீர்கள், சூட்டைப் பார்க்கவில்லை. தண்ணீரில்லா ஆறு, மரமில்லா மலை என்று நம் ஊரைக் கேலி செய்வார்களே, அந்த மொட்டைப் பாறை பகலெல்லாம் காய்ந்து ராத்திரி நம் மேல் கக்குகிறது. மொட்டை மாடியும் அதையேதான் செய்கிறது. ஒன்பது மணிக்குக் கூரையைத் தொட்டுப் பாருங்கள். ஏசியில் பாதி அந்தக் கான்கிரீட்டைக் குளிர வைக்கவே ஓடுகிறது. கத்திரிக்கு முன்னால் மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். என் மாமியாருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது, ஏசியை அணை என்று அவரிடம் சொல்ல முடியாது. 26-ல் வைத்து ஃபேனையும் போட்டுவிடுகிறேன், அது போதுமாக இருக்கிறது.

மாடியில்_பேனல்
சுண்ணாம்பு ஐப்பசி மழையில் கரைந்துவிடும் மேடம். பேனல் போட்டாலும் மாடிக்கு நிழல்தானே.

சத்துவாச்சாரி_மருமகள்
கரைந்தால் கரையட்டும், மார்கழியில் எவன் குளிர்ச்சி கேட்டான்? பங்குனியில் மறுபடி அடித்தால் போச்சு. உங்கள் பேனல் நிழல் ஒரு மூலைக்கு மட்டும்தான், படுக்கையறை அந்த மூலையில் இருக்க வேண்டுமே.

தோட்டப்பாளையம்_வாடகை
மாடி உள்ளவர்கள் பேச்சு இது. எங்களுக்கு மாடியும் கிடையாது, படிக்கட்டும் கிடையாது. வீட்டுக்காரர் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 9 ரூபாய் வாங்குகிறார். முதல் யூனிட்டும் 9, கடைசி யூனிட்டும் 9. ஆஸ்பத்திரிக்கு வந்து மாதக்கணக்கில் தங்குகிறவர்கள் இருக்கிற ஊர், கேட்டதைக் கொடுக்க ஆள் உண்டு என்று அவருக்குத் தெரியும். அந்த இலவச 100 யூனிட் யார் பைக்குப் போகிறது?

இரண்டு_போர்ஷன்
வீட்டுக்காரன் பேசுகிறேன், உங்கள் வீட்டுக்காரன் இல்லை. ஒரே சர்வீஸில் இரண்டு குடும்பம் ஓடினால் மொத்தம் 700, 800 போகும். வாத்தியார் சொன்ன 2022 கட்டணத்திலேயே 600-க்கு மேல் யூனிட் 9 ரூபாய். குடியிருப்பவர் ஏசி வாங்கி மாட்டியதால்தானே என் பில் அந்தப் படிக்கு ஏறுகிறது? நான் ஏன் சுமக்க வேண்டும்?

கணக்கு_வாத்தியார்
நியாயமாகத் தெரிகிறது, ஆனால் இல்லை. 800 யூனிட்டுக்கு மொத்த பில் 4,550. சராசரி 6 ரூபாய்க்கும் குறைவு. எல்லா யூனிட்டுக்கும் 9 வாங்கினால் உங்கள் போர்ஷனின் கரண்டை அவர் கட்டுகிறார். போர்ஷனுக்குத் தனி சர்வீஸ் வாங்குங்கள், இரண்டு பேருக்கும் 100 கிடைக்கும்.

இரண்டு_போர்ஷன்
தனி சர்வீஸுக்கு டெபாசிட், வயரிங் எல்லாம் யார் தருவது? சொல்வது சுலபம்.

காட்பாடிவாசி
சண்டை வேறு பக்கம் போகிறதே. சிலிண்டரை விட்டு இண்டக்‌ஷனுக்கு மாறினால் மிச்சம் என்று ஒருவர் சொன்னார். அது எப்படி?

கணக்கு_வாத்தியார்
14.2 கிலோ சிலிண்டர் செய்கிற சமையலை இண்டக்‌ஷன் செய்ய ஏறக்குறைய 140 யூனிட் ஆகும். 2025 ஏப்ரலில் 50 ரூபாய் ஏற்றியபோது சென்னையில் சிலிண்டர் 868.50 ஆனது, அதை வைத்துப் போடுகிறேன், இங்கே கொண்டு வருகிற கூலியும் சேரும். 4.50 ரூபாய் படியில் இருந்தால் 140 யூனிட் 630 ரூபாய், இலாபம். 8 ரூபாய் படியில் 1,120, நஷ்டம். ஆகவே கோடை அல்லாத மாதங்களில் இண்டக்‌ஷன், சித்திரை வைகாசியில் சிலிண்டர்.

சத்துவாச்சாரி_மருமகள்
ரீடிங் பார்த்து அடுப்பை மாற்றச் சொல்கிற ஆண்பிள்ளை ஒரு நாள் சமைத்துப் பார்க்கட்டும். எங்கள் வீட்டில் பாதிப் பாத்திரம் அலுமினியம், இண்டக்‌ஷனில் சூடே ஏறாது. புதுப் பாத்திரச் செலவை யார் கணக்கில் எழுதுவது?

குடியாத்தம்_தறி
மாதாமாதம் ரீடிங் எடுத்தால் இந்தத் தொல்லையே இருக்காது. 2021 தேர்தலில் சொன்னதுதான், இன்னும் வரவில்லை.

கணக்கு_வாத்தியார்
எல்லோரும் அப்படித்தான் நம்புகிறார்கள். 500 யூனிட் வரம்பையும் பாதியாக்கி மாதம் 250 என்று வைத்தால்? ஏப்ரலில் 200, மேயில் 290 ஓடினால் இப்போது மொத்தம் 490, தப்பித்தீர்கள். மாதக் கணக்கில் மே மாதம் மாட்டிக்கொள்ளும். ரீடிங் எடுப்பது பத்து நாள் தள்ளிப்போய் வரம்பு தாண்டுகிறவர்களுக்கு மட்டும் மாதக் கணக்கு நல்லது.

தோட்டப்பாளையம்_வாடகை
மாடி இல்லாதவன் செய்ததையும் கேளுங்கள். மூன்று பழைய ஃபேனை எடுத்துவிட்டு, கரண்ட் குறைவாக இழுக்கிற பிஎல்டிசி ஃபேன் மாட்டினேன். பழையது 75 வாட், இது 35-க்குள். கோடையில் ஒரு ஃபேன் 15 மணி நேரம் ஓடாத வீடு வேலூரில் உண்டா? மூன்றுக்கும் சேர்த்து இரண்டு மாதத்தில் 108 யூனிட் குறையும். எனக்கு 9 ரூபாய் வீதம் 972. காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போய்விடுவேன், பேனலை அப்படித் தூக்க முடியுமா?

கணக்கு_வாத்தியார்
காட்பாடிக்காரர் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும். 560-ல் 108 போனால் 452. பில் 2,430-லிருந்து 1,437. ஒரு பில்லில் 993 ரூபாய். ஃபேன் மூன்றும் 9,000-க்குள் வந்துவிடும். அதற்கப்புறம் சோலார் கணக்கை மறுபடி போட்டால் இன்னும் இளைத்துத் தெரியும்.

காட்பாடிவாசி
ஃபேன் வாங்கிவிடுகிறேன், சுண்ணாம்பும் பங்குனியில் அடிக்கிறேன். 1 கிலோவாட்டுக்கு விலை கேட்டேன். 75,000 என்றார்கள், அதுவும் அரை மனதாக. மூன்றாகப் போடுங்கள் சார் என்றே திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

மாடியில்_பேனல்
அவர்கள் சொல்வதில் தப்பில்லை. பையன் பெரியவனானால் அவன் அறைக்கும் ஏசி கேட்பான். அப்போது 1 போதவில்லை என்று இங்கேயே வந்து கேட்பீர்கள்.

கணக்கு_வாத்தியார்
இரண்டாவது ஏசி உறுதி என்றால் 2 போடட்டும், மானியம் 60,000. மூன்று எதற்கு என்பதற்கு இன்னும் நீங்கள் பதில் சொல்லவில்லை.