கைபடாப் பேச்சு, வழிசொல்லி: கார் வாங்குகிற வீட்டுக்கு என்ன சொல் வைப்பது?

குழுவினருக்கு வணக்கம்.

கார் வாங்கப் போகும் வீட்டாருக்காக நாம் தொகுக்கும் சொற்பட்டியல் "ஹேண்ட்ஸ்ஃப்ரீ" (போனைக் கையில் எடுக்காமல் வண்டி வழியாகவே பேசும் வசதி) வரைக்கும் நன்றாகத்தான் வந்தது, அங்கே வந்து மாட்டிக்கொண்டது. மதுரை ஐயா "கையறு அழைப்பு" என்று போட்டிருப்பதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. ஐயா கோபித்துக்கொள்ள வேண்டாம். இலக்கணப்படி சரிதான். ஆனால் கையறுநிலை என்றால், பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்த யாருக்கும் தகப்பனை இழந்து நிற்கும் பாரி மகளிர்தான் நினைவுக்கு வருவார்கள். புது வண்டிக்கு மாலை போட்டு, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து எடுத்து வருகிற அன்றைக்கு இந்தச் சொல் எதற்கு? தொண்டித் தம்பி சொன்ன "கைவிடு பேச்சு"ம் இதே கதைதான். கைவிட்டுவிட்டான் என்றால் நம் பக்கம் பஞ்சாயத்தே கூடிவிடும்.

என் வாக்கு "கைபடாப் பேச்சு"க்கு. "கைபடாமல் தயாரித்தது" என்று தின்பண்டப் பாக்கெட்டில் படித்துப் பழகிய சனம், யாரும் விளக்கவே வேண்டாம். எதிர்ச்சொல்லும் தானாக வந்து நிற்கிறது: கைப்பிடிப் பேச்சு. இந்த ஜோடி நமக்குக் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் சட்டமே அந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆவது பிரிவில் 2019இல் கொண்டு வந்த திருத்தம், ஓட்டும்போது கையில் பிடித்த தொடர்புக் கருவியைப் பயன்படுத்துவதை ஆபத்தாக ஓட்டும் குற்றத்தில் சேர்த்துவிட்டது. முதல் தடவைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், சிறைக்கும் இடம் உண்டு. 2020இல் வந்த விதி, அந்தக் கருவியை வழி பார்ப்பதற்கு மட்டும், அதுவும் ஓட்டுபவரின் கவனம் சிதறாதபடி பயன்படுத்தலாம் என்கிறது. ஆக "போன் பேசலாமா கூடாதா" என்று மொட்டையாக எழுதினால் பாதிதான் சொன்னதாகும். எது கைப்பிடி, எது கைபடா என்று பிரித்துச் சொல்ல வேண்டும்.

கீழக்கரைக் காக்கா (அண்ணனை அங்கே அப்படித்தான் அழைப்பது) கேட்டிருந்தார்கள்: "ஸ்டீயரிங்கில் இருக்கும் பொத்தானை விரலால்தானே அமுக்குகிறோம், அப்புறம் எப்படிக் கைபடா?" நியாயமான கேள்வி. கை படாதது போனில், காக்கா. பொத்தான் ஸ்டீயரிங்கிலேயே இருப்பதால் கை வண்டியை விட்டு நகரவில்லை, அதுதான் விஷயம். அந்தப் பொத்தான் இல்லாமல், திரையைத் தொட்டுத்தான் அழைப்பை எடுக்க வேண்டும் என்ற செட்டுக்கு (பாட்டு, பேச்சு, வரைபடம் எல்லாம் வரும் வண்டித் திரைத் தொகுதிக்கு) நாம் இந்தச் சொல்லைக் கொடுக்கவே கூடாது என்பேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் தேவிபட்டினம் தாண்டி ஆடு குறுக்கே வரும் நேரத்தில் திரையில் பச்சை வட்டத்தைத் தேடுவது கைப்பிடிப் பேச்சை விட ஒன்றும் உசத்தி இல்லை.

அடுத்து, ஷோரூமில் "புளூடூத் இருக்கு சார்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்களே, பட்டியலில் அதைத்தான் முதலில் உடைக்க வேண்டும். புளூடூத்துக்குள் பாட்டுக்கு ஓர் ஏற்பாடு, பேச்சுக்கு வேறோர் ஏற்பாடு. பாட்டுக்கு உள்ளது ஏ2டிபி, போனிலிருந்து வண்டிக்கு ஒருவழிப் பாதை. பேச்சுக்கு உள்ளது எச்எஃப்பி, இருவழி. வண்டியின் மைக்கிலிருந்து குரல் திரும்பப் போக வேண்டுமே. முதலாவது மட்டும் உள்ள மலிவு செட்டுகள் இன்னும் விற்பனையில் உண்டு. அதில் பாட்டு அருமையாகக் கேட்கும், அழைப்பு வந்தால் போனைத்தான் எடுக்க வேண்டும். இரண்டும் இருக்கிற வண்டியிலும் அழைப்பு வந்ததும் ஒலி சட்டென்று மட்டமாவதைப் பலரும் ஸ்பீக்கர் கோளாறு என்று நினைக்கிறார்கள். கோளாறு இல்லை. பாட்டுக்கு ஒலியை நொடிக்கு 44,100 தடவை அளந்து மாதிரி எடுப்பது வழக்கம், எண்ணிக்கை குறைந்தால் ஒலியும் மட்டமாகும். பேச்சுக்கான பழைய முறையில் வெறும் 8,000, பின்னால் வந்த அகலப்பட்டை முறையில் 16,000. வண்டியும் போனும் இரண்டுமே அகலப்பட்டைக்கு ஒத்துக்கொண்டால்தான் அது கிடைக்கும்.

மைக் இருக்கும் இடத்தையும் பார்க்க வேண்டும். கம்பெனியில் இருந்து வரும் வண்டியில் பெரும்பாலும் மேல் விளக்குப் பக்கம் சின்னத் துளைகளாக இருக்கும், ஓட்டுபவரின் வாய்க்கு நேர். பழைய வண்டிக்கு வெளியே செட்டு மாட்டினால் சில கடைகளில் தனி மைக் ஒயரை இழுக்காமல் செட்டுக்குள்ளேயே இருக்கிற மைக்கோடு விட்டுவிடுவார்கள். ஏசி காற்று நேராக அதன் மேல் அடிக்கும், எதிர்முனைக்கு நீங்கள் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலத்தான் கேட்கும். வாங்கும் முன் ஏசியை முழு வேகத்தில் வைத்து, வீட்டுக்கு ஒரு அழைப்பு போட்டு "கேட்குதா" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நீங்கள் எதிராளியைக் கேட்பது சோதனையே ஆகாது. பாம்பன் பாலத்தில் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பேசினால் எந்த மைக்கும் தோற்கும், அதை வண்டியின் குறையாகச் சொல்ல முடியாது.

பெயர்களைத் தமிழில் சேமித்திருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்கணும். சில திரைகளில் சின்னம்மா, மாமா எல்லாரும் வெறும் கட்டம் கட்டமாகத் தெரிவார்கள். அப்புறம் யார் அழைக்கிறார்கள் என்று பார்க்க மறுபடியும் கை போனுக்குத்தான் போகும். வண்டியை விற்கும்போது அதில் ஏறிக் கிடக்கும் பெயர்ப்பட்டியலை அழித்துவிட்டுக் கொடுங்கள், நம் ஊரில் இதை யாருமே செய்வதில்லை.

வழி விஷயத்துக்கு வருவோம். வாட்ஸப்பில் சுற்றும் பட்டியலில் ஜிபிஎஸ்ஸுக்குத் "தடங்காட்டி" என்று இருக்கிறது, நல்ல சொல், அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஜிபிஎஸ் வேறு, வரைபடம் வேறு, "200 மீட்டரில் வலதுபுறம் திரும்பவும்" என்று சொல்லும் குரல் வேறு. காட்டுவது வழிகாட்டி என்றால் சொல்வது வழிசொல்லி. கதைசொல்லி இருக்கும்போது வழிசொல்லிக்கு என்ன குறை? ஓட்டுகிறவருக்கு வேண்டியது சொல்வதுதான், பார்ப்பது பக்கத்துச் சீட்டுக்காரர் வேலை. கூகுள் வரைபடத்தில் 2018இல் தமிழ்க் குரல் வந்துவிட்டது, வீட்டில் ஓட்டுகிறவர்களுக்கு ஆங்கிலக் குரலை மாற்றிக் கொடுங்கள். என்ன ஒன்று, நம் ஆட்களிடம் வழி கேட்டால் "கிழக்கே போயி தெக்காலே திரும்புங்க" என்பார்கள், இது பெரும்பாலும் இடம் வலம் என்றுதான் பேசும். பெரியவர்களுக்குப் பழக நாளாகும்.

தடங்காட்டியைத் தனியாகப் பிரிக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம் தனுஷ்கோடி. ஜிபிஎஸ் வானத்துச் செயற்கைக்கோளிலிருந்து வாங்கும் சைகை, அதற்கு மொபைல் டவர் வேண்டியதில்லை. டவர் வேண்டியது வரைபடத்தை இறக்க. அரிச்சல்முனைப் பக்கம் சிக்னல் போய்விடும், அல்லது கிட்டத்தட்ட 30 கிலோமீட்டரில் தலைமன்னார் இருப்பதால் சில போன்கள் இலங்கை டவரைப் பிடித்துக்கொண்டு வரவேற்புச் செய்தி வேறு காட்டும். ரோமிங்கில் டேட்டா திறந்திருந்தால் பில்லில் தெரியும். வீட்டிலேயே மாவட்ட வரைபடத்தைப் போனில் இறக்கி வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. தர்காவுக்கு வருகிற வெளியூர்க்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: ஏர்வாடி என்று மட்டும் அடிக்காதீர்கள், திருநெல்வேலி மாவட்டத்திலும் ஓர் ஏர்வாடி இருக்கிறது. வழிசொல்லி அங்கேயும் அதே பணிவோடு கூட்டிப் போகும்.

பாட்டுப் பக்கம் பெரிய விவாதம் இல்லை. "பண்பலை" ஏற்கெனவே வென்ற சொல். பண்பேற்றத்தின் பண்பா, பாட்டின் பண்ணா என்று யாரும் கேட்கவில்லை, வானொலியே நாள் முழுக்கச் சொன்னது, நின்றுவிட்டது. மகிழுந்து அப்படியா? அரசாணையில் ஓடுகிறது, தெருவில் ஓடவில்லை. நம் கரையில் பின்சீட்டுப் பெரியவர்களுக்கு இலங்கைப் பண்பலை வேண்டும், ஆகவே ரேடியோ இல்லாத செட்டை எவ்வளவு பெரிய திரை என்றாலும் எடுக்காதீர்கள். உப்புக்காற்றில் யூஎஸ்பி முனை சீக்கிரம் பச்சை பிடிக்கும், மூடி உள்ளதாகப் பாருங்கள். புளூடூத்தை "ஊடலை" ஆக்கச் சொல்கிறார்கள். யார் போனை இணைப்பது என்று அண்ணன் தங்கைக்குள் நடக்கும் சண்டைக்கு வேண்டுமானால் ஊடலை பொருந்தும், மற்றபடி புளூடூத் இருந்துவிட்டுப் போகட்டும். மொத்தத் தொகுதிக்கும், அதாவது ஷோரூமில் "இன்ஃபோடெயின்மென்ட்" என்பதற்கு, "தகவற்களிப்பகம்" என்று ஒருவர் எழுதியிருந்தார். மெக்கானிக் கடையில் அதன் பெயர் செட்டு. பட்டியலிலும் செட்டு என்றே போடுவோம்.

போனில் உள்ள வரைபடம், பாட்டு, அழைப்பை வண்டித் திரையில் கொண்டு வரும் ஆண்ட்ராய்டு ஆட்டோ, ஐபோனுக்கான கார்பிளே இரண்டுக்கும் பொதுப்பெயர் இன்னும் கிடைக்கவில்லை. "போன்திரை" என்று வைக்கலாமா? பதில் எழுதுங்கள்.

---

கீழக்கரையிலிருந்து:

வழிசொல்லிக்கு என் வாக்கு. எங்கள் உம்மா அதை "ரூட்டு சொல்ற புள்ள" என்றுதான் சொல்வார்கள், இப்போது தமிழிலேயே பெயர் கிடைத்துவிட்டது. கைபடாப் பேச்சும் சரி, போனில் கை படாதது என்று ஒரு வரி விளக்கம் சேர்த்துவிடுங்கள். போன்திரை மட்டும் வேண்டாம் தம்பி. போன்திரை உடைந்துவிட்டது என்று கடையில் போய் நின்றால் கண்ணாடி மாற்றத்தான் எடுப்பான். "கார்முகம்" என்று வைத்துப் பாருங்களேன்.

---

காக்கா, கார்முகம் கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் மழை மேகம்தான் கண்ணுக்கு வருகிறது. வேலை எங்கே நடக்கிறது என்பதைச் சொல் காட்டினால் போதும். 2014இல் வந்த கார்பிளேயும், மறு ஆண்டு வந்த ஆண்ட்ராய்டு ஆட்டோவும் போனுக்குள்தான் ஓடுகின்றன, வண்டித் திரை அதோடு இணைந்து முகம் காட்டுகிறது, அவ்வளவுதான். போனை மாற்றினால் வசதியும் மாறும், வண்டியை மாற்ற வேண்டியதில்லை என்று வாங்குகிறவருக்கும் புரியும். கடைக்காரர் "மிரரிங்" என்று காட்டுவது வேறு, அது போன்திரையை அப்படியே நகலெடுத்துப் போடும். ஓட்டும்போது தேவையில்லாததெல்லாம் அதில் வரும். அதனால் "இணைதிரை" என்று போடுகிறேன். மதுரை ஐயா கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன், வினைத்தொகை, நடுவில் ஒற்று வராது.