சொந்த டிசெக்டர் ப்ளகின் போட்டா டிஷார்க் க்ராஷ் ஆகுது, கேப்பிட்டல் வி போட்டா மட்டும் ஓடுது, ஏன்?

கம்பிவலை (கேள்வி):

வணக்கம் எல்லாருக்கும். எங்க ஃபாக்டரில சென்சார் கேட்வே எல்லாம் யூடிபி மேல ஒரு சொந்த ப்ரோட்டோகால்ல பேசும், அதுக்கு சி-ல எழுதின டிசெக்டர் ப்ளகின் (பாக்கெட்டை பிரிச்சு அர்த்தம் சொல்ற துணை நிரல்) ஒன்னு இருக்கு, எழுதினவர் வேற டீமுக்கு போயிட்டதால இப்ப நான்தான் பாத்துக்கிறேன். உபுண்டு 24.04, டிஷார்க் (வயர்ஷார்க்கோட கமாண்ட் லைன் வடிவம்) 4.2.2. தினமும் ராத்திரி கிரான்ல (நேரம் வச்சு தானா ஓட்டுறது) அன்னைக்கு புடிச்ச பிகேப் ஃபைலை (பாக்கெட் சேமிச்ச ஃபைல்) டிஷார்க்ல படிச்சு சும்மா ஒரு பாக்கெட்டுக்கு ஒரு வரின்னு டெக்ஸ்ட் ஃபைலா எழுதி வைப்போம். பாதி ஃபைல் வரைக்கும் ஒழுங்கா வருது, அப்புறம் செக்மென்டேஷன் ஃபால்ட்னு ஒரு வரி, அவ்ளோதான். அதே ஃபைலை கேப்பிட்டல் வி போட்டு முழு விவரத்தோட ஓட்டினா கடைசி பாக்கெட் வரைக்கும் சுத்தமா போகுது. ப்ளகினை ஃபோல்டர்ல இருந்து எடுத்துட்டா க்ராஷே இல்ல. வெர்ஷன் பொருந்தாம இருக்குமோன்னு அதே 4.2 ஹெடர் வச்சு திரும்ப பில்டும் பண்ணிட்டேன், மாற்றமில்ல. எங்க ஆரம்பிச்சு தேடணும்னு சொன்னா உதவியா இருக்கும், காலைல ஷிப்ட்காரங்க அந்த ஃபைலை நம்பித்தான் உட்காந்திருக்காங்க.

ஹெக்ஸ்டம்ப்:

வெர்ஷனை விட்டுடுங்க நண்பா, மேஜர் மைனர் நம்பர் பொருந்தலன்னா டிஷார்க் எரர் சொல்லிட்டு ப்ளகினை லோடே பண்ணாது, ஓடி பாதில விழாது. பாக்கெட் நீளத்தை தாண்டி படிச்சாலும் இப்படி சாகாது, டிவிபி ஃபங்ஷன் (எல்லை பாத்து பாக்கெட்டை படிக்கிற வயர்ஷார்க் ஃபங்ஷன்) வழியா படிச்சா அது எக்ஸெப்ஷனா மாறி "மால்ஃபார்ம்டு பாக்கெட்"னு காட்டிட்டு அடுத்த பாக்கெட்டுக்கு போயிடும். அப்ப செக்ஃபால்ட்னா பெரும்பாலும் ப்ளகின்ல எங்கயோ பாயிண்டரை நேரடியா தொட்டிருக்காங்க.

கேப்பிட்டல் வி-தான் இங்க பெரிய துப்பு. விவரம் கேக்காதப்ப டிஷார்க் ப்ரோட்டோகால் ட்ரீயை (பாக்கெட் விவரத்தை கிளை கிளையா காட்டுற அமைப்பு) கட்டவே கட்டாது, வேகத்துக்காக, உங்க டிசெக்டருக்கு வர்ற ட்ரீ பாயிண்டர் வெத்து பாயிண்டராத்தான் (நல், அதாவது ஜீரோ) இருக்கும். கேப்பிட்டல் வி, ஜேசன் அவுட்புட், டிஸ்ப்ளே ஃபில்டர் இதுல எது குடுத்தாலும் ட்ரீ உருவாகிடும். அதனால எந்த பாக்கெட்னு கண்டுபிடிக்க ஃப்ரேம் நம்பர் வச்சு ஃபில்டர் போடாதீங்க, போட்ட உடனே நிலைமையே மாறிடும். எடிட்கேப்ல (வயர்ஷார்க்கோட வர்ற, பிகேப் ஃபைலை வெட்டுற டூல்) சின்ன சி ஆப்ஷன் குடுத்து 1000 பாக்கெட்டா வெட்டி ஒவ்வொரு துண்டையும் ஓட்டுங்க. தனித் துண்டுல க்ராஷ் ஆகலன்னா அதுவும் ஒரு தகவல்தான், முன்னாடி வந்த பாக்கெட்ல இருந்து ப்ளகின் எதையோ ஞாபகம் வச்சிருக்குன்னு அர்த்தம்.

அப்படியே ப்ளகினை டீபக் பில்டு பண்ணி ஜிடிபி (டீபகர்) கீழ ஓட்டி பேக்ட்ரேஸ் (விழுந்தப்ப எந்த ஃபங்ஷன் எதை கூப்பிட்டதுன்ற பட்டியல்) போடுங்க. உபுண்டு டிஷார்க்ல சிம்பல் இல்லாட்டியும் பரவால்ல, உங்க ப்ளகின் வரி தெரிஞ்சா போதும்.

கம்பிவலை:

ரொம்ப நன்றி, வெட்டினதுல சிக்கிடுச்சு. ஹார்ட்பீட் பாக்கெட் எல்லாம் சரியா போகுது, அலாரம் மெசேஜ் வந்தா மட்டும் விழுது. பேக்ட்ரேஸ்ல மேல இருக்குற ஃப்ரேம் அலாரத்தை பிரிக்கிற ஃபங்ஷன்தான், ஐட்டம் பாயிண்டர் ஜீரோன்னு காட்டுது. அந்த வரிய பாத்தா, பேலோட் நீளத்தை ப்ரோட்டோ ட்ரீ ஆட் ஐட்டம் வச்சு ட்ரீல சேத்துட்டு, அது திருப்பி குடுக்குற ஐட்டத்துக்குள்ள இருக்குற ஃபின்ஃபோல (ஃபீல்டோட விவரம் வச்சிருக்குற ஸ்ட்ரக்ட்) இருந்தே நீளத்தோட மதிப்பை எடுத்து லூப் ஓட்டிருக்கார். இதுதானா?

ஹெக்ஸ்டம்ப்:

இதேதான். ட்ரீ வெத்து பாயிண்டரா இருந்தா ஆட் ஐட்டம் திருப்பி குடுக்குறதும் வெத்து பாயிண்டர்தான். அதை வாங்கி அப்பெண்ட் டெக்ஸ்ட் மாதிரி ஃபங்ஷனுக்கு குடுத்தா அது பேசாம திரும்பிடும், அதனாலதான் மத்த மெசேஜ் எல்லாம் தப்பிச்சிருக்கு, ஃபின்ஃபோவை நேரா தொட்ட இடத்துல மட்டும் விழுது. ஆட் ஐட்டம் ரெட் யூஇன்ட்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு, ட்ரீ இருந்தாலும் இல்லாட்டியும் மதிப்பை பாக்கெட்ல இருந்து படிச்சு உங்க வேரியபிள்ல போட்டுடும், அதுக்கு மாத்துங்க. இல்ல டிவிபி கெட் என்டிஓஹெச்எஸ் வச்சு தனியா படிச்சாலும் சரி. ட்ரீ இருக்கான்னு இஃப் போட்டு மொத்த லூப்பையும் உள்ள தள்ளிடாதீங்க, க்ராஷ் நிக்கும், ஆனா இன்ஃபோ காலத்துல (ஒரு வரி சுருக்கம் வர்ற பத்தி) எழுதுறது, கான்வர்சேஷன்ல (ரெண்டு முனைக்கு நடுவுல நடக்குற பேச்சுக்கான பதிவு) சேமிக்கிறது எல்லாம் சத்தமில்லாம நின்னுடும், அது க்ராஷை விட மோசம். ட்ரீங்குறது காட்டுறதுக்கு மட்டும், கணக்கு எதையும் அதுகிட்ட கேக்கக்கூடாது.

கம்பிவலை:

மாத்திட்டேன், முழு ஃபைலும் ஓடிடுச்சு! ஆனா இப்ப வேற ஒன்னு தெரியுது. கேட்வே லாகின் பண்றப்ப தன் பேரை அனுப்பும், ப்ளகின் அதை கான்வர்சேஷன் டேட்டால வச்சுக்கிட்டு அப்புறம் வர்ற அலாரத்துக்கெல்லாம் இன்ஃபோ காலத்துல அந்த பேரை போடுது. சில வரில பேர் சரியா இருக்கு, சில வரில பாதி பேரும் குப்பை எழுத்துமா இருக்கு. முன்னாடி க்ராஷ் ஆனதால இது கண்ணுல படலன்னு நினைக்கிறேன்.

நிழல்நிரல்:

நடுவுல வர்றேன். அந்த பேர் ஸ்ட்ரிங்கை எந்த மெமரி பூல்ல இருந்து எடுத்திருக்காருன்னு பாருங்க, பி-இன்ஃபோவோட (ஒரு பாக்கெட்டோட தகவல் ஸ்ட்ரக்ட்) பூல்னா அது அந்த ஒரு பாக்கெட்டுக்குத்தான் உயிரோட இருக்கும், பாக்கெட் முடிஞ்சதும் நினைவகத்தை திருப்பி எடுத்து அடுத்ததுக்கு குடுத்துடுவாங்க, உங்க கான்வர்சேஷன்ல இருக்குறது செத்த முகவரி. கான்வர்சேஷன் ஸ்ட்ரக்ட், அதுக்குள்ள இருக்குற ஸ்ட்ரிங் ரெண்டுமே டபிள்யூமெம் (வயர்ஷார்க்கோட மெமரி மேனேஜர்) ஃபைல் ஸ்கோப்ல (ஃபைல் மூடுற வரைக்கும் உயிரோட இருக்குற மெமரி) இருந்து வரணும். நிறைய பேர் ஸ்ட்ரக்டை மட்டும் சரியா ஃபைல் ஸ்கோப்ல வச்சிட்டு உள்ள இருக்குற பாயிண்டரை மறந்துடுவாங்க, இங்கயும் அப்படித்தான் இருக்கும்னு என் கணிப்பு.

உறுதி பண்ணிக்க வால்கிரைண்ட்ல (மெமரி தப்பை புடிக்கிற டூல்) ஓட்டுங்க, ஆனா சும்மா ஓட்டினா ஒன்னும் சொல்லாது, ஏன்னா டபிள்யூமெம் பெரிய ப்ளாக்கா வாங்கி உள்ளுக்குள்ளயே பங்கு போடுது, வெளில இருந்து பாக்குற வால்கிரைண்டுக்கு எல்லாமே உயிரோட இருக்குற மாதிரிதான் தெரியும். வயர்ஷார்க் டீபக் டபிள்யூமெம் ஓவர்ரைடுன்ற என்விரான்மென்ட் வேரியபிள்ல சிம்பிள்னு வச்சுட்டு ஓட்டுங்க (வேரியபிள் பேர் முழுக்க கேப்பிட்டல், வார்த்தைக்கு நடுவுல அண்டர்ஸ்கோர்). அப்ப ஒவ்வொன்னும் தனி மல்லாக் ஆகிடும், எங்க ஃப்ரீ ஆச்சு, எங்க திரும்ப படிச்சாங்கன்னு ரெண்டு இடத்தையும் வரியோட காட்டும்.

கம்பிவலை:

கணிப்பு அப்படியே சரி, ஸ்ட்ரக்ட் ஃபைல் ஸ்கோப், பேர் மட்டும் பி-இன்ஃபோ பூல். வால்கிரைண்ட் லாகின் ஃபங்ஷனையும் அலாரம் ஃபங்ஷனையும் இன்வேலிட் ரீடுக்கு கீழ காட்டுச்சு. மாத்தினதும் எல்லா வரிலயும் பேர் சரியா வருது. இன்னைக்கு ராத்திரி கிரான்ல புது ப்ளகின்தான். ரெண்டு பேருக்கும் மனசார நன்றி.

நிழல்நிரல்:

சந்தோஷம். கிரானுக்கு போறதுக்கு முன்னாடி மைனஸ் 2 போட்டு ரெண்டு பாஸாவும் ஒரு தடவை ஓட்டி பாருங்க. லாகின் பாக்கெட் ரெண்டாவது முறை வர்றப்ப கான்வர்சேஷன் டேட்டாவை புதுசா உருவாக்கக்கூடாது, அந்த பாக்கெட்டை ஏற்கனவே பாத்தாச்சான்னு விசிட்டட் ஃப்ளாகை செக் பண்ணிட்டு முதல் தடவை மட்டும் உருவாக்கணும். வயர்ஷார்க் ஜன்னல்ல யாராவது அதே ஃபைலை திறந்து பாக்கெட்டை க்ளிக் பண்ணிட்டே இருந்தாலும் டிசெக்டர் திரும்ப திரும்ப ஓடும், இந்த செக் இல்லன்னா அங்கயும் இதே மாதிரி பேர் குழம்பும்.