முத்துப்பேட்டைச் சேற்றில் காரீயம்-210: படிந்ததா, கிளறப்பட்டதா?

அனைவருக்கும் வணக்கம். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டு லகூனில் குழாய் இறக்கி எடுத்த சேற்று மாதிரியில், ஏறத்தாழ 22 ஆண்டு அரை ஆயுட்காலம் (பாதியாகச் சிதைய ஆகும் காலம்) கொண்ட, வண்டலின் வயதைக் கணிக்க உதவும் கதிரியக்க ஈயமான காரீயம்-210, ஆழத்தோடு சீராகக் குறையாமல் மேல் 10 சென்டிமீட்டர் வரை ஒரே அளவாக நிற்கிறது. ரேடியம்-226இலிருந்து மண்ணுக்குள்ளேயே உருவாகும் பங்கை, மாதிரியை மூன்று வாரம் காற்றுப்புகாமல் அடைத்துவைத்து அளந்து, கழித்துவிட்டேன்; எஞ்சுவதே வெளியிலிருந்து வந்து படிந்த ‘மிகுதி’க் காரீயம்-210.

ஆழ்கடலில் வண்டல் ஆயிரம் ஆண்டுகளுக்குச் சில மில்லிமீட்டர் முதல் சில சென்டிமீட்டர் வரையே சேர்வதால், மிகுதிக் காரீயம்-210 சற்று ஆழத்தில் தென்பட்டாலே புழுக்கள் கிளறியதாகக் கொள்ளலாம். இங்கோ நண்டும் கிளறும், காவிரி வெள்ளமும் ஓரிரு நாளில் சேற்றைக் கொட்டும், 2004 சுனாமியும் வந்துபோயிருக்கிறது. நண்டின் மேல் பழிபோடுவது எளிது, நிறுவுவதுதான் கடினம். 24 நாள் அரை ஆயுட்காலமுள்ள தோரியம்-234 ஆழத்தில் தென்பட்டால், அது அண்மையில்தான் கீழே போனது என்று காட்டி உதவியிருக்கும். ஆனால் மாதிரி எடுத்து ஆறு மாதமாகிவிட்டதால் அது பெரும்பாலும் சிதைந்துபோயிருக்கும். மணல், களி விகிதத்தையோ அணுகுண்டுச் சோதனைகளால் பரவிய சீசியம்-137இன் 1963 உச்சத்தையோ கொண்டு இதைத் தீர்மானித்த அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.