ஸ்காட்லாந்துக்கு வெளியே கில்ட்: விருந்து உடையா, மாறுவேடமா?

கறுப்புக்கோட்டு: போன சனிக்கிழமை இங்கிலாந்தின் லீட்ஸில் ஒரு நண்பரின் கல்யாணம். எல்லோரும் டக்சீடோ என்ற கறுப்பு விருந்துக் கோட்டில் வந்திருக்க, தென் இங்கிலாந்தின் கென்ட்டில் பிறந்து வளர்ந்த ஒருவர் கில்ட் என்கிற ஸ்காட்லாந்து ஆண்களின் மடிப்புப் பாவாடை, இடுப்பில் தொங்கும் ஸ்போரன் பை, முழங்கால் சாக்ஸ் சகிதம் வந்து நிற்கிறார். கேட்டால் பாட்டி ஸ்காட்லாந்தின் இன்வர்னெஸ்ஸாம். நேற்று இந்த மன்றத்தில் ஒருவர் ‘கில்ட்டை யாரும் எந்த விருந்துக்கும் போடலாம்’ என்று எழுதியதைப் படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது.

எடின்பரோ மருமகன்: அதை எழுதியது நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். பிரின்ஸ் சார்லி என்ற குட்டை விருந்து ஜாக்கெட், போ டையோடு போட்டால் அது டக்சீடோவுக்குச் சமம். என் மாமனார் தைத்துக் கொடுத்தது முழுசாக எட்டு கஜம், சுத்தக் கம்பளி. லண்டன் விருந்துக்கே போட்டுப் போயிருக்கிறேன்.

கறுப்புக்கோட்டு: எட்டுதானா? என் பாட்டி ஒன்பது கஜம் கட்டிக்கொண்டு அடுப்பே ஊதினார். அப்புறம், கில்ட்டே ஓர் ஆங்கிலேயன் கண்டுபிடித்தது ஐயா. தாமஸ் ராலின்சன், லங்காஷயர்க்காரர். ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியான ஹைலேண்ட்ஸில் இரும்பு உலை வைத்தவர். ஆட்களின் நீளப் போர்வை வேலைக்கு இடைஞ்சல் என்று பாதியாக வெட்டினார்.

எடின்பரோ மருமகன்: சரி, ஆங்கிலேயன் சொத்து என்றால் கென்ட்காரர் போட்டதில் என்ன குற்றம்?

நூல்கண்டு: ஒரு சந்தேகம். கில்ட் என்று எதைச் சொல்கிறீர்கள்? தோள்வரை சுற்றும் பழைய பெரிய போர்வையையா, இடுப்புக்குக் கீழே மட்டும் உள்ளதையா?

கறுப்புக்கோட்டு: கில்ட் என்றால் கில்ட். ராலின்சன் வெட்டியது.

எடின்பரோ மருமகன்: அந்தக் கதை 1785-ல் ஓர் எடின்பரோ இதழில் அச்சான கடிதத்தில் இருக்கிறது. உலை வைத்ததோ 1720-களில். இதுதான் ஆதாரமா? 1746-ல் பிரிட்டிஷ் அரசு போட்ட சட்டப்படி கில்ட் போட்டால் ஆறு மாதச் சிறை, மறுபடி போட்டால் ஏழு வருஷம் நாடு கடத்தல். 1782-ல்தான் அதை நீக்கினார்கள். தன் ஆள் தைத்ததையா தடை செய்வார்கள்?

கறுப்புக்கோட்டு: ராணுவத்துக்கு மட்டும் விலக்கு கொடுத்தார்களே, அதை ஏன் விழுங்கிவிட்டீர்கள்? 1822-ல் பிரிட்டிஷ் மன்னர் நாலாம் ஜார்ஜ் போட்ட பிறகுதான் அது பெரிய மனிதர் உடை ஆனது. அவரும் ஸ்காட்லாந்துக்காரர் இல்லை. ராலின்சனும் இல்லை.

வேட்டிப்பிரியன்: 2014-ல் சென்னையில் ஒரு கிளப் வேட்டி கட்டிய நீதிபதியையே திருப்பி அனுப்பியது. அதற்குத் தனிச் சட்டமே வந்தது. அதைப் பேசுவோமா?

எடின்பரோ மருமகன்: நீங்கள் எந்த விவாதத் திரிக்கும் வேட்டியோடுதான் வருவீர்கள். விஸ்கி திரியிலும் இதைத்தான் செய்தீர்கள்.

வேட்டிப்பிரியன்: அதில் நீங்கள் என்னைத் தடுத்ததை இன்னும் மறக்கவில்லை, மருமகனே.

கறுப்புக்கோட்டு: சாக்ஸில் கத்தி வேறு. கல்யாண வீட்டில் கத்தி எதற்கு?

எடின்பரோ மருமகன்: அது ஸ்கியன் டூ, கில்ட்டோடு சாக்ஸில் செருகும் சின்னக் கத்தி. தேசிய உடையின் பகுதி என்றால் வைத்திருக்கலாம் என்று இங்கிலாந்தின் 1988 சட்டமே சொல்கிறது.

கறுப்புக்கோட்டு: எந்த தேசம்? கென்ட்டா?

நூல்கண்டு: நான் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

கறுப்புக்கோட்டு: முதலில் ராலின்சனைப் படித்துவிட்டு வாருங்கள்.