இருமுறை ஃபார்மட் செய்தும் திரும்பி வரும் வைரஸ்: என்ன செய்யலாம்?

கேள்வி: கொலுசுப்பட்டறை (செவ்வாய்ப்பேட்டை)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுக் கணினியில்தான் பட்டறையின் கூலிக் கணக்கும், ஜிஎஸ்டி பில்களும், கல்லூரியில் படிக்கும் மகளின் பாடங்களும் இருக்கின்றன. விண்டோஸ் 10, 4 ஜிபி ராம். மூன்று மாதமாக, பிரௌசரைத் திறந்தாலே நாங்கள் வைக்காத ஏதோ ஒரு தேடல் பக்கம் வந்து நிற்கிறது. திரையின் வலது மூலையில், கணினியில் வைரஸ் இருக்கிறது, உடனே இங்கே அழுத்துங்கள் என்று அறிவிப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன. பென்டிரைவைச் செருகினால் அதிலுள்ள ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிவிடுகின்றன. ஐந்து ரோடு பக்கம் ஒரு கடையில் கொடுத்து இருமுறை ஃபார்மட் செய்து வாங்கினேன். ஒவ்வொரு முறையும் பத்து நாள் ஒழுங்காக ஓடி, பிறகு பழைய குருடி கதவைத் திறடி என்றாகிவிட்டது. ஹார்ட் டிஸ்க்கையே மாற்ற வேண்டும் என்கிறார் கடைக்காரர். அது அவசியமா?

பதில் 1: ஓய்வுபெற்ற உருக்காலை ஊழியர் (சூரமங்கலம்)

ஐயா, ஹார்ட் டிஸ்க்கை மாற்றிப் பணத்தை வீணாக்க வேண்டாம். ஃபார்மட் செய்த பிறகும் வருகிறதென்றால் ஏதோ ஒரு வழியாக நாமே அதை மறுபடி உள்ளே விடுகிறோம் என்று பொருள். அந்த வழியை அடைக்காதவரை எத்தனை முறை அழித்தாலும் பயனில்லை.

முதலில், கடையில் சி டிரைவை மட்டும் அழித்தார்களா, டி டிரைவையும் அழித்தார்களா என்று கேளுங்கள். வாடிக்கையாளரின் கோப்புகள் போய்விடக்கூடாது என்ற நல்லெண்ணத்தில் டி டிரைவைத் தொடாமல் விடுவது கடைகளில் வழக்கம். அங்கே கிடக்கும் ஒரு பாதிக்கப்பட்ட கோப்பை நீங்கள் இருமுறை அழுத்தினாலே போதும்.

அடுத்தது, விண்டோஸையோ ஆபீஸையோ ஆக்டிவேட் செய்ய அவர்கள் போட்ட கிராக், அதாவது காசு கொடுத்து வாங்காமலே ஓடவைக்கும் திருட்டு மென்பொருள். அது ஓடுவதற்காக, விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டர் சோதிக்கக் கூடாத இடங்களின் விலக்குப் பட்டியலில் ஏதாவது ஒரு ஃபோல்டரைச் சேர்த்திருப்பார்கள். சில கணினிகளில் சி டிரைவ் முழுவதுமே அதில் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். காவல்காரனை வாசலில் நிறுத்திவிட்டு, கண்ணை மூடிக்கொள் என்று சொல்வது போன்றது அது. விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் சென்று அந்தப் பட்டியலைக் காலி செய்துவிட்டு, வைரஸ் விவரங்களைப் புதுப்பித்து, ஸ்கேன் ஆப்ஷன்ஸில் உள்ள ஆஃப்லைன் ஸ்கேனை ஓடவிடுங்கள். கணினி ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக எழும்புவதற்கு முன்பே சோதனை நடப்பதால், ஓடிக்கொண்டே ஒளிந்துகொள்ளும் வகையறாக்களும் சிக்கும். சுமார் கால்மணி நேரம் ஆகும். அதற்குள் மின்சாரம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தேடல் பக்கம் மாறுவது பெரும்பாலும் பிரௌசர் எக்ஸ்டென்ஷனின், அதாவது பிரௌசரோடு ஒட்டிக்கொள்ளும் சிறு துணை நிரலின் வேலை. குரோமில் கூகுள் கணக்கோடு சின்க் (அமைப்புகளைக் கணக்கில் சேமித்து வைக்கும் வசதி) வைத்திருந்தால், ஃபார்மட் செய்த பிறகு உள்நுழைந்தவுடனே அந்த எக்ஸ்டென்ஷனும் கூடவே இறங்கிவிடும். அதை நீக்கிவிட்டு, சின்க் தரவையும் ஒருமுறை அழித்துவிடுங்கள். மூலையில் வரும் அறிவிப்புகள் பெரும்பாலும் வைரஸே அல்ல. ஏதோ ஒரு தளத்தில் யாரோ 'அலவ்' அழுத்தியதன் விளைவு. நோட்டிஃபிகேஷன் அமைப்பில் அந்தத் தளத்தை நீக்கினால் நின்றுவிடும்.

பதில் 2: காப்பித்தோட்டம் (ஏற்காடு)

மேலே பெரியவர் சொன்னதில் எனக்கு ஒரே ஒரு மாற்றுக் கருத்து. மூன்று மாதம் வைரஸோடு கிடந்த கணினியை ஸ்கேன் செய்து நம்புவதைவிட, கோப்புகளை எடுத்துக்கொண்டு சி, டி என்று பிரித்திருக்கும் எல்லாப் பார்ட்டிஷன்களையும் நீக்கி, சுத்தமான வேறொரு கணினியில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து தயாரித்த 8 ஜிபி பென்டிரைவால் விண்டோஸை நிறுவுவதே நல்லது. எங்கள் மேட்டில் இணையம் ஆமை வேகம் என்பதால், இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலத்தில் தரவிறக்கிக் கொண்டு வருவேன். வைரஸைத் தேடி நீக்கும் மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனரையும் அப்படித்தான் எடுத்து வருவேன்; ஆனால் அது பத்து நாளில் காலாவதியாகிவிடும், சேர்த்து வைக்க முடியாது.

பென்டிரைவில் கோப்புகள் அழிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம், மறைக்கப்பட்டிருக்கும். மறைந்த கோப்புகளைக் காட்டு என்பது மட்டும் போதாது. பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் கோப்புகளை மறைக்கும் தேர்வையும் எடுத்துவிட வேண்டும். பிறகு பில், படம், எக்செல் கோப்புகளை மட்டும் நகலெடுங்கள். கோப்புப் பெயர்களின் கடைசி எழுத்துகள் (ஃபைல் எக்ஸ்டென்ஷன்) தெரியும்படி வைத்து, எல்என்கே, விபிஎஸ், இஎக்ஸ்இ என்று முடியும் எதையும் எடுக்காதீர்கள். மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் நடத்தும் சைபர் ஸ்வச்தா கேந்திராவின் தளத்தில் இலவசக் கருவிகளும் கிடைக்கின்றன.

இன்னொன்று: விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. கணினி ஏற்றுக்கொண்டால் 11க்கு மாறுங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. சி டிரைவை மட்டும்தான் அழித்தார்களாம்; விலக்குப் பட்டியலிலும் சி டிரைவ் முழுவதும் இருந்தது. முழுமையாக அழித்து நிறுவி மூன்று வாரம் ஆகிறது, தொல்லை இல்லை. பில் புத்தகம் அச்சடிக்க பென்டிரைவை மாதம் இருமுறை அச்சகத்துக்குக் கொடுத்தனுப்புவது வழக்கம். போன வாரம் திரும்பி வந்ததில் மறுபடி ஷார்ட்கட்கள் இருந்தன, ஆனால் இம்முறை டிஃபெண்டர் பிடித்துவிட்டது. இனி அச்சகத்துக்கு மெயிலில்தான் அனுப்பப் போகிறேன். வங்கிக் கடவுச்சொல்லையும் மாற்ற வேண்டுமா?

பதில் 1 மறுபடி

கட்டாயம், ஐயா. அந்த மூன்று மாதத்தில் அந்தக் கணினியில் தட்டிய எல்லாக் கடவுச்சொற்களையும், மகளுடையதையும் சேர்த்து, கைப்பேசியிலிருந்து இன்றே மாற்றுங்கள். பழைய பில் பென்டிரைவுகள் மேசை இழுப்பறையில் இன்னும் கிடந்தால், செருகியவுடன் திறக்காமல் முதலில் ஸ்கேன் செய்யுங்கள்.